கதையில் வரும் பசு யாருக்காவது பதிலாகத்தான் நிற்க வேண்டுமா?

மணப்பாறை வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை.

எங்கள் அப்பாவை வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். கதை என்றாலும் முக்கால்வாசி நடந்ததுதான். எங்கள் வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. நான் ஆறாவது படிக்கும்போது அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் நகையை அப்பா கேட்காமல் எடுத்து அடகு வைத்தார், அது மூழ்கிப்போனது. சண்டை ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. ஒன்றரை வருஷம்.

அந்த ஒன்றரை வருஷமும் அவர்கள் செவலை வழியாகத்தான் பேசினார்கள். விடியற்காலையில் அப்பா பால் கறக்க உட்காருவார். அம்மா வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருப்பாள். அப்பா மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, "ஏ செவலை, இன்னிக்கு சொசைட்டில பணம் போடுறாங்களாம், அரிசி வாங்கணுமான்னு கேட்டுச் சொல்லு" என்பார். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பாமலே, "அரிசி இருக்குதுடி செவலை. புண்ணாக்குதான் தீந்துபோச்சு" என்பாள். செவலை பாட்டுக்குத் தட்டையை மென்றுகொண்டு நிற்கும். எனக்கும் அக்காவுக்கும் அது விநோதமாகவே தெரியவில்லை, பழகிவிட்டது.

அக்கா பெரியவளானதைக்கூட அம்மா மாட்டிடம்தான் சொன்னாள். "செவலை, நம்ம வீட்ல பெரிய மனுசி ஒருத்தி வந்துட்டாடி" என்றாள். அப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால் செம்பில் பால் பீய்ச்சும் சத்தம் நின்றுவிட்டது. அவர் காதில் விழுந்துவிட்டது என்று எனக்கு அந்தச் சத்தம் நின்றதை வைத்துத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கறக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் ஈத்துக்கு அப்புறம் செவலைக்குச் சினை நிற்கவில்லை. கடனும் கழுத்தில் இருந்தது. ஒரு நாள் அப்பா மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "சாப்பிடச் சொல்லு" என்று சொல்ல வாயெடுத்தவள், கொட்டகையைப் பார்த்தாள். சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை. கதை அதோடு முடிகிறது.

ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டத்தில் இதைப் படித்துக் காட்டினேன். எல்லோரும் பிரியமாகத்தான் பேசினார்கள். ஆனால் எல்லோரும் ஒரே விஷயத்தையே சொன்னார்கள்: பசு என்பது அம்மாவின் குறியீடு, அது கதையில் இன்னும் துலங்கவில்லை. அம்மாவின் கண்ணீரும் பசுவின் கண்ணீரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு காட்சி வேண்டும் என்றார் ஒருவர். பசுவை விற்பது பெண்ணை விற்பது போல வரவேண்டும் என்றார் இன்னொருவர். வீட்டுக்கு வந்து அந்தக் கண்ணீர்க் காட்சியை எழுதிப் பார்த்தேன். வாக்கியங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் எழுதி முடித்ததும் செவலை கதையை விட்டுப் போய்விட்டது. அவளுடைய முதுகுச் சூடு, மூச்சில் வரும் புண்ணாக்கு வாசம், எதுவும் இல்லை. அந்த இடத்தில் இரண்டு அம்மாக்கள் அழுதுகொண்டு நிற்கிறார்கள்.

குடும்பத்தைப் பற்றிய கதையில் ஒரு பிராணி வந்தால் அது யாருக்காவது பதிலாகத்தான் நிற்க வேண்டுமா? பெரிய எழுத்தாளர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்? எடுத்துக்காட்டோடு யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


தமிழாசிரியர் (ஓய்வு), கரூர்:

வணக்கம் அம்மா. உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவன். அதனால் எனக்கு இலக்கணத்திலிருந்துதான் தொடங்க வரும்.

வழுவமைதி நடத்தும்போது ஒரு எடுத்துக்காட்டு சொல்வோம். ஒருவர் தன் மாட்டைப் பார்த்து, 'என் அம்மை வந்தாள்' என்கிறார். மாடு அஃறிணை, 'வந்தது' என்பதே முறை. ஆனால் மகிழ்ச்சியில் சொல்வதால் அது குற்றமில்லை என்று ஏற்றுக்கொள்கிறோம். அதற்கு நன்னூல் சொல்லும் காரணங்கள்: 'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே.' உவப்பு வந்தால் மாடு அம்மை ஆகும். செறல், அதாவது கோபம் வந்தால், பெற்ற பிள்ளையே மாடு ஆகிவிடும். "அந்த எருமை எந்திரிச்சுச்சா?" என்ற கேள்வி கேட்காத வீடு நம் ஊரில் குறைவு. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் நடுவே உள்ள கதவை நம் மொழியில் தினமும் திறந்து திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது நீங்கள் எழுதிய ஒரு வரியைப் பாருங்கள். "அரிசி இருக்குதுடி செவலை." அந்த 'டி' போதும். உங்கள் அம்மா பசுவை உயர்திணையில் ஏற்றிவிட்டாள். அதே வாக்கியத்தில் உங்கள் அப்பாவுக்கு அவள் எந்தத் திணையும் கொடுக்கவில்லை. 'அவர்' இல்லை, 'நீங்க' இல்லை, ஒன்றுமே இல்லை. ஒன்றரை வருஷக் கோபம் முழுக்க அந்த இல்லாத சொல்லில் இருக்கிறது. இதற்கு மேல் கண்ணீர்க் காட்சி எதற்கு?

இதே கதவை மறுபக்கமாகத் திறந்தவர் காஃப்கா. பிராகாவில் இருந்துகொண்டு ஜெர்மன் மொழியில் எழுதிய அவருடைய 'உருமாற்றம்' 1915இல் வெளிவந்தது. ஊர் ஊராகப் போய்த் துணி விற்று, அப்பாவின் கடனை அடைத்து, அம்மா, அப்பா, தங்கை மூவருக்கும் சோறு போடுகிற கிரகோர் சம்சா ஒரு காலையில் பூச்சியாக எழுகிறான். நம் வீட்டில் 'தண்டச்சோறு' என்று பெயர் வாங்கும் பிள்ளை சம்பாதிக்காத பிள்ளை. இங்கேயோ சம்பாதித்துப் போட்டவனே ஒரே ராத்திரியில் தண்டச்சோறு ஆகிறான். தங்கை கிரேட்டாதான் அவனுக்குச் சாப்பாடு வைக்கிறாள். முதலில் பாலும் ரொட்டியும். அவனுக்கு இறங்கவில்லை என்று தெரிந்ததும், பழைய செய்தித்தாளில் வாடிய காய்கறி, எலும்பு, கெட்டுப்போன பாலாடைக்கட்டி என்று பலதையும் பரப்பி, அவனுக்கு எது பிடிக்கிறதென்று பார்க்கிறாள். அப்பா ஆப்பிளை எடுத்து எறிகிறார். அது முதுகில் புதைந்து அங்கேயே அழுகுகிறது, எடுத்துவிட யாரும் இல்லை.

ஜெர்மன் தெரிந்த நண்பர் ஒருவர் எனக்கு மூலத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். கதை சொல்பவர் கிரகோரைக் கடைசிவரை 'அவன்' என்றுதான் சொல்கிறார். ஆனால் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் கிரேட்டா, இந்தப் பிராணியின் முன்னால் அண்ணன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு, 'அது' போயாக வேண்டும் என்கிறாள். உடம்பு முதல் பக்கத்திலேயே பூச்சியாகிவிட்டது. குடும்பத்தில் அவன் அஃறிணை ஆவது அந்த நிமிஷத்தில்தான். அன்று விடிவதற்குள் செத்துப்போகிறான். வேலைக்காரக் கிழவி வந்து பார்த்துவிட்டு, அவளும் 'அது' செத்துக் கிடக்கிறது என்றுதான் சொல்கிறாள். இதைத் தமிழில் படிக்கிற நமக்கு யாரும் விளக்கவே வேண்டாம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணை என்ற பிரிவில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தகத்தின் அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிவது போலக்கூட வேண்டாம் என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதினார். அது என்ன பூச்சி என்று தெரிந்துவிட்டால் வாசகன் பூச்சியையே பார்த்துக்கொண்டிருப்பான், அந்த வீட்டைப் பார்க்க மாட்டான் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பிற்பாடு 1919இல் அப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், தன் நண்பரான ஒரு நாடக நடிகரை அப்பா பூச்சியோடு ஒப்பிட்டதைக் குறிப்பிடுகிறார். அந்தக் கடிதம் அப்பா கைக்குப் போகவே இல்லை. வீட்டில் வாயில் வருகிற வசைதான் கதையில் உடம்பாக வந்து நிற்கிறது. வாசிப்பு வட்டத்தார் சொன்னதைக் கேட்டுச் செவலையை மாற்றாதீர்கள்.


மணப்பாறை வாசகி:

ஐயா, அந்த 'டி'யை நான் யோசித்து எழுதவில்லை. அம்மா அப்படித்தான் பேசுவாள். அப்பாவைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்கே தெரிகிறது. ரொம்ப நன்றி.


நாலுபல் காளை:

அக்கா, எனக்கு இலக்கியம் அவ்வளவாகத் தெரியாது. எங்கள் வீட்டில் இப்போதும் ஆறு உருப்படி நிற்கிறது, அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். சந்தையிலிருந்து உங்கள் அப்பா வெறுங்கையோடு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய கயிறு வீட்டுக்குத் திரும்பி வரும், லட்சுமி வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக. எங்கள் தாத்தா அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருவார். வந்ததும் அடுத்த மாடு வருகிற வரைக்கும் கொட்டகையில் மாட்டி வைப்பார். அதில் மாட்டு வாசம் ரொம்ப நாள் போகாது. உங்கள் வீட்டில் எப்படி என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.


மேடைப் பைத்தியம்:

கேள்வியைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது நார்வேக்காரர் இப்சனின் 'காட்டு வாத்து' நாடகம். 1884இல் எழுதியது. கல்லூரி நாட்களில் இதில் கிழவர் எக்டாலாக நடித்திருக்கிறேன், அதனால் இந்த வீடு எனக்கு என் சொந்த வீடு மாதிரி.

யால்மார் எக்டால் புகைப்படம் எடுப்பவன். மனைவி கினா, பதினாலு வயது மகள் ஹெட்விக், வயசான அப்பா. வீட்டின் பரணில் உலர்ந்துபோன கிறிஸ்துமஸ் மரங்களை நிறுத்திக் காடு மாதிரி ஆக்கி, கோழி, புறா, முயல் எல்லாம் வளர்க்கிறார்கள். கிழவர் அங்கேயே துப்பாக்கியோடு 'வேட்டை'க்குப் போவார். அந்தப் பரணுக்கு ராணி, காயம்பட்ட ஒரு காட்டு வாத்து. அதைச் சுட்டவர் பெரிய முதலாளி வெர்லே. அவருக்குக் கண் பார்வை மங்கி வருவதால் குறி சரியாகப் படவில்லை. வாத்து நீருக்கடியில் போய்ப் பாசியைக் கவ்விக்கொள்ள, அவருடைய நாய் முங்கி மேலே கொண்டுவந்தது. ஹெட்விக்குக்கும் பார்வை மங்கி வருகிறது. இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும், அவள் யார் மகள் என்கிற சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று.

வெர்லேயின் மகன் கிரெகர்ஸ் இந்த வீட்டுக்கு வருகிறான். உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்ற வெறி அவனுக்கு. அவன் வாயைத் திறந்தாலே குறியீடுதான். யால்மாரைப் பார்த்து, உன்னிடமும் அந்தக் காட்டு வாத்து கொஞ்சம் இருக்கிறது என்பான். தான் ஒரு கெட்டிக்கார நாயாக இருக்க வேண்டும், முங்கிப்போய் வாத்துகளை மேலே கொண்டுவருகிற நாயாக, என்பான். கடைசியில், ஹெட்விக் தன் மகளாக இருக்க முடியாது என்று யால்மார் அவளைத் தள்ளிவிடும்போது, கிரெகர்ஸ் அந்தச் சிறுமியிடம் போய், உனக்கு மிகப் பிரியமான வாத்தை அப்பாவுக்காகப் பலி கொடு, அப்போது உன் அன்பு அவருக்குப் புரியும் என்கிறான். அவள் கைத்துப்பாக்கியோடு பரணுக்குள் போகிறாள். வெடிச் சத்தம் கேட்கிறது. வாத்து உயிரோடுதான் இருக்கிறது. செத்தது குழந்தை.

ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தத்துக்கு அப்புறம் எனக்கு வசனம் மறந்துபோகும். அந்த வீட்டில் வாத்தை வாத்தாகப் பார்த்தவள் ஹெட்விக் ஒருத்திதான். அதற்குத் தீனி வைப்பாள், ராத்திரி அதற்காகப் பிரார்த்தனை செய்வாள். அதை வேறு எதற்கோ பதிலாக நிறுத்தியவன் பேச்சைக் கேட்டுத்தான் அவள் செத்தாள். விலங்கைக் குறியீடாக வைத்துப் புகழ்பெற்ற ஒரு நாடகம், குறியீடு தேடி அலைகிற ஒரு ஆளை இவ்வளவு பயங்கரமாகக் காட்டுகிறது. உங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் இதை எடுத்துப் படியுங்கள்.


வைகைக்கரை:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். குறியீடே வேண்டாம் என்று போய்விடக் கூடாது. செவலையைப் படித்தவர்களுக்கு அம்மா ஞாபகம் வந்தது தப்பில்லை, வரத்தான் செய்யும். தப்பு, அதை எழுதிக் காட்டச் சொன்னதில்தான்.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' கையில் இருந்தால் மறுபடி எடுத்துப் பாருங்கள். பிச்சியின் அப்பா அம்புலியைக் குத்திச் சாய்த்த காளை காரி. அதை அடக்குவதற்காகப் பிச்சி மச்சான் மருதனோடு செல்லாயி வாடிவாசலுக்கு வருகிறான். காளைக்குச் சொந்தக்காரர் ஜமீன்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் என்ன இருந்தது என்று செல்லப்பா தனியாக உட்கார்ந்து விளக்குவதில்லை. காளை எப்படி மண்ணைக் கிளறுகிறது, எப்படிக் கொம்பை அலைக்கிறது, எப்படி நின்று நோட்டம் பார்க்கிறது என்றுதான் பக்கம் பக்கமாகப் போகிறது. நான் மதுரைப் பக்கத்துக்காரன். அந்த வர்ணனையில் ஒரு இடத்தில்கூட 'இது எங்கள் ஊர் மாடு இல்லை' என்று எனக்குத் தோன்றியதில்லை. அதனால்தான் பிச்சி காரியின் திமிலைப் பிடிக்கும்போது அவன் பிடிப்பது அப்பாவையும் சேர்த்துத்தான் என்று நமக்கே தோன்றுகிறது. பிச்சி தொடையில் காயத்தோடு ஜெயித்த பிறகு ஜமீன்தார் தன் காளையைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மாடு. தோற்றுப்போனதும் அது அவருடைய மானத்தில் விழுந்த ஒரு கறை ஆகிவிட்டது. ஒரே மாடு, பிச்சிக்கு ஒன்றாகவும் ஜமீனுக்கு வேறொன்றாகவும் இருக்கிறது. மாடாக இருப்பதை மட்டும் அது விடவே இல்லை.

ஆகவே சகோதரி, பசுவை முழுப் பசுவாக எழுதுங்கள். மடி கனத்தால் எப்படி நிற்கும், கன்றை விட்டதும் எப்படிப் பால் இறக்கும், ஈ மொய்த்தால் தோலை எந்த இடத்தில் சிலிர்க்கும், எல்லாம். அம்மா தானாக உள்ளே வந்துவிடுவாள். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: செவலையை விற்ற பிறகு உங்கள் பெற்றோர் எப்படிப் பேசினார்கள்? கதை அங்கே நின்றுவிட்டது போலத் தெரிகிறது.


மணப்பாறை வாசகி:

பதில் எழுத மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கண்ணீர்க் காட்சியை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

தம்பி சொன்ன கயிறு விஷயம் மனதை விட்டுப் போகவே இல்லை. நேற்று அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது. செவலை பேச்சை எடுத்ததும் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தானாகவே சொன்னாள்.

அப்பா வெறுங்கையோடு வரவில்லையாம். கயிற்றைச் சுருட்டி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், யார் கண்ணிலும் படக் கூடாது என்று. எனக்கு அது தெரியவே இல்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு கொட்டகைக்குப் போய் வந்திருக்கிறார். மறுநாள் விடியற்காலையில் அம்மா பழக்கத்தில் கழனித்தண்ணியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள். போன பிறகுதான் மாடு இல்லை என்பது ஞாபகம் வந்ததாம். வாளியோடு அப்படியே நின்றிருக்கிறாள். வெளிச்சம் வரவில்லை. அப்பா திண்ணையில் எழுந்து உட்கார்ந்து இருமினாராம்.

"கயிறு எங்கங்க?" என்று கேட்டாளாம் அம்மா.

"ஆணியில" என்றாராம் அப்பா.

"அவ்வளவுதான் பேசுனோம்" என்றாள் அம்மா. அன்றைக்கு அந்தத் தண்ணியை முருங்கை மரத்தடியில் ஊற்றினாளாம்.